நூற்று ஒன்பதாம் எண்

“தம்பி, இங்கன வந்து இந்தக் கூத்தைப் பாரு” என்று சாராள் கூப்பிட்டபோது பொன்னுராஜ் காப்பி டம்ளரை அப்போதுதான் கையில் வாங்கியிருந்தான். குடிக்கவில்லை. இந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு வருஷத்தில், யார் இப்படிக் கூப்பிட்டாலும் ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் அர்த்தம். அன்றைக்கு எதுவும் கெடக்கூடாது. விடிந்தால் டில்லியிலிருந்து குழு வருகிறதே!

தேனியிலிருந்து போடி போகிற ரோட்டில் ஒரு பழைய வீட்டையும் அதன் பின்னால் ஏலக்காய் மூட்டை அடுக்கியிருந்த கிட்டங்கியையும் வாடகைக்குப் பிடித்து நடந்து வந்தது அந்தத் திட்ட அலுவலகம். வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்த ஊரில் நிலத்தடியில் தண்ணீர் இருக்கிறது, எந்த ஊரில் வற்றிவிட்டது என்று வரைந்து கொடுப்பது வேலை. மூன்று வருஷத்துக்கென்று தொடங்கிய திட்டம், இந்த எண்பத்தொன்பது மார்ச்சோடு முடிகிறது. நாளைக்கு வருகிறவர்கள் ஆண்டிபட்டித் தாலுகா படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினால் இன்னும் மூன்று வருஷம் ஓடும். ஆட்டாவிட்டால் நிரந்தர ஆட்கள் வேறு அலுவலகத்துக்கு மாறிப் போவார்கள், கான்ட்ராக்ட் ஆட்கள் மூட்டையைக் கட்டுவார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் இரண்டே பேர். ஒருத்தி சாராள், இன்னொருவன் பொன்னுராஜ்.

சாராள் கிட்டங்கியின் ஒரு மூலையில், பலகைத் தடுப்புக்குள், கலர்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெரியகுளத்துக்காரி. முப்பத்தாறு வயதுக்குக் கண்ணைச் சுற்றி நிறையச் சுருக்கம். எல்லாம் வெயில் போட்ட சுருக்கம். ஏழு மாதம் ஆண்டிபட்டிப் பொட்டலில் கிணறு கிணறாகக் கயிறு விட்டு ஆழம் பார்த்து, அதைத் திரையில் ஒவ்வொரு வயலாகக் கோடு இழுத்துச் சேர்த்தவள். அவள் இழுத்த கோடு இல்லாவிட்டால் செயற்கைக்கோள் அனுப்பியது வெறும் சிவப்பும் நீலமும்தான்.

“துண்டு துண்டா இருந்த படமெல்லாம் எடுத்து முழுத் தாலுகாவையும் ஒரே படமா ஒட்டிட்டேன். ஜோரா நிக்குது பாரு. ஆனா சேவ் ஆக மாட்டேங்குது. எனக்கு உரிமை இல்லையாம்ல! ஏழு மாசமா வெயில்ல வெந்தவ நானு, எனக்கு உரிமை இல்லைன்னு இந்த டப்பா சொல்லுது.”

“நேத்துத்தானக்கா இணைச்சிருக்கு. ஏதாச்சும் சின்னக் கோளாறா இருக்கும். ஒரு நிமிஷம் இருங்க, இந்தா வந்துட்டேன்” என்றான் பொன்னுராஜ்.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பிறகு அவன் வாழ்நாள் முழுக்க நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர். பின்கட்டுக் கிட்டங்கியில் இருப்பது பழையது. கலர்த் திரையும் படத்தைப் பிரித்துப் பார்க்கிற மென்பொருளும் அதில்தான். ஆனால் அதன் டிஸ்க் சின்னது. முன்கட்டு வீட்டுக்கு டிசம்பரில் புதிதாக ஒன்று வந்தது, பெரிய டிஸ்க்கோடு. இரண்டுக்கும் நடுவே கக்கூஸ் சுவர் மேலாகக் கறுப்புக் கேபிள் ஒன்றை இழுத்து, முன்கட்டு டிஸ்க்கைப் பின்கட்டு மெஷின் தன் டிஸ்க் போலவே எடுத்துப் புழங்கும்படி நேற்றுச் சாயங்காலம்தான் பொன்னுராஜ் செய்து முடித்திருந்தான். மதுரைப் பக்கத்திலேயே யாரும் செய்யாத வேலை என்று டைரக்டர் கர்ணன் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த மிதப்பில் சாராளின் படங்கள் இருநூற்றுப் பதினான்கையும் முன்கட்டுக்கு மாற்றிவிட்டு, பின்கட்டு டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துக் காலியாக வைத்தான். இனிமேல் எல்லாரும் முன்கட்டு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும் என்று ஆர்டரும் போட்டான். நகல் எடுக்கிற டேப் மெஷின் ரிப்பேருக்குப் பெங்களூர் போய்ப் பத்தொன்பது நாளாகிறது. நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று பத்தொன்பது நாளும் சொன்னான் அந்தப் புத்திசாலி.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த தன் இடத்துக்குப் போய்ப் பொன்னுராஜ் பின்கட்டு மெஷினிடம் கேட்டான்: ஆண்டிபட்டிப் படங்கள் யாருடையவை?

நல்லகண்ணு என்றது மெஷின்.

சிரிப்பு வந்தது அவனுக்கு. நல்லகண்ணு ஹெட்கிளார்க். அவருக்கும் படத்துக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. பின்கட்டு மெஷினோடு சேர்த்துத் தன் அறையில் வைத்த டெர்மினலில் லீவு லிஸ்ட் அடிப்பதோடு சரி. இன்றைக்கு ரிட்டயர்டு ஆகிறார். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ். சாயங்காலம் நாலு மணிக்குப் பிரிவுபசாரம், பூந்தி மிக்சர் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

போனமாதம் நடந்த சண்டை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றது.

மெஷினுக்குப் பேர் தெரியாது, எண்தான் தெரியும். இன்னாருக்கு இன்ன எண் என்று ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கும். பழைய மெஷினில் பொன்னுராஜ் வந்தவர்களை வந்த வரிசையில் போட்டிருந்தான். முதலில் வந்து உட்கார்ந்தவள் சாராள், அவள் நூற்று ஒன்று. கடைசியில் வந்தவர் நல்லகண்ணு, அவர் நூற்று ஒன்பது. புது மெஷினுக்கும் அதே பட்டியலை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது நல்லகண்ணு வந்து குதித்தார்.

“ஏன் தம்பி, டைரக்டர் நாலாவதா நிக்கிறாக, நேத்து வந்த கான்ட்ராக்ட் பொம்பளப்புள்ள நூத்தி ஒன்னா? நான் கடைசியா? சர்க்கார் ஆபீஸ்ல சீனியாரிட்டி லிஸ்ட்டுன்னு ஒன்னு எதுக்குய்யா இருக்கு? ஆடிட்டுல வந்து கேட்டா யாரு பதில் சொல்றது, நீயா?”

வெறும் எண்தானே, அவர் கேட்டபடியே இருந்து தொலையட்டும் என்று பொன்னுராஜ் புது மெஷினில் மட்டும் சீனியாரிட்டிப்படி மாற்றிவிட்டான். டைரக்டர் நூற்று ஒன்று. நல்லகண்ணு நூற்று மூன்று. கடைசியில் சாராள், நூற்று ஒன்பது. அப்போது இரண்டு மெஷினுக்கும் கேபிள் இல்லை. ஒன்றின் எண் மற்றதற்கு என்ன செய்துவிடப் போகிறது?

இப்போது கேபிள் இருக்கிறது. முன்கட்டில் நூற்று ஒன்பதாம் எண்காரி சாராள் என்று கிடக்கிற படங்களை, பின்கட்டு மெஷின் தன் பட்டியலைப் பார்த்து நூற்று ஒன்பதாம் எண்காரர் நல்லகண்ணு என்று படிக்கிறது. அதனால்தான் சாராளுக்கு உரிமை இல்லை.

அட, இவ்வளவுதானா என்று ஒரு மூச்சு விட்டான். எண்களைச் சரிபண்ணினால் போயிற்று, ஒரு மணி நேர வேலை. எத்தனை படம் மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தான்.

இருநூற்று ஒன்பது.

இருநூற்றுப் பதினான்கு அல்லவா? மறுபடி எண்ணினான். இருநூற்று மூன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினான். நூற்றுத் தொண்ணூற்றாறு.

போன வாரம் நல்லகண்ணு சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்ட ஒரு துண்டுச் சீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

ரிட்டயர்டு ஆகிறவர் ஒவ்வொரு பிரிவிலும் போய், இவரிடம் பாக்கி ஒன்றும் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். முப்பத்து நாலு வருஷம் அடுத்தவரிடம் ரப்பர் ஸ்டாம்புவரை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பியவர் நல்லகண்ணு. தனக்கு மட்டும் விட்டுவிடுவாரா? “கம்ப்யூட்டர்ல என் பேர்ல ஒரு தூசி இருக்கக்கூடாது தம்பி. நானே அழிச்சுட்டுப் போறேன், வழிய எழுதிக் குடு” என்று பிடிவாதம் பிடித்தார். பொன்னுராஜ்தான் எழுதிக் கொடுத்தான். நல்லகண்ணு பேரில் எங்கே என்ன இருந்தாலும் தேடித் தேடி அழி என்று ஒரே ஒரு வரி. போன வாரம் எழுதியபோது அந்த வரிக்கு எட்டக்கூடியது பின்கட்டு டிஸ்க் மட்டும்தான். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அது முன்கட்டுக்கும் எட்டும். எட்ட வைத்தவனும் இவனே!

எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. தடுப்பைச் சுற்றி ஓடி, சாராள் உட்கார்ந்திருந்த மெஷினுக்குப் பின்னால் குனிந்து, கேபிளைத் திருகிப் பிடுங்கினான். விரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது.

“என்ன தம்பி, பாம்பைக் கண்டவன் மாதிரி?” என்றாள் சாராள்.

“ஒன்னுமில்லக்கா. கேபிள்ல ஒரு கோளாறு. பாத்துட்டு வந்து சொல்றேன்.”

பொய் எப்படித்தான் அவ்வளவு சரளமாக வந்ததோ! முன்கட்டுக்கு ஓடி அந்த மெஷினிலேயே நேராக எண்ணினான். நூற்று முப்பத்தொன்று. கம்பம் இருந்தது, உத்தமபாளையம் இருந்தது, போடி இருந்தது. ஆண்டிபட்டி என்ற பெயரில் ஒன்றுகூட இல்லை. எண்பத்து மூன்று படமும் போய்விட்டன. சாராள் முதன்முதலில் வேலையை ஆரம்பித்தது ஆண்டிபட்டியில். பட்டியலில் முதலில் இருந்ததால் முதலில் அழிந்ததும் அதுதான். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றேகால். பொன்னுராஜ் மெஷின் மேலேயே சாய்ந்து நின்றான்.

பக்கத்து அறையிலிருந்து நல்லகண்ணு எட்டிப் பார்த்தார். புதுக் கதர்ச் சட்டை, நெற்றியில் விபூதி, முகமெல்லாம் மலர்ச்சி.

“தம்பி, நீ எழுதிக் குடுத்தத அடிச்சேன். கடகடன்னு போய்க்கிட்டே இருந்துச்சு, இப்ப நின்னுபோச்சு. எம் பேர்ல இத்தன இருந்துச்சா! பாத்தியா, அழிக்காம போயிருந்தா நாளைக்கு யாராச்சும் ஒரு சொல்லு சொல்லியிருப்பாக.”

பொன்னுராஜ் மெஷினை மறைத்துக்கொண்டு நின்றான். “மிச்சத்த நான் பாத்துக்கிறேன் சார். நீங்க விடுங்க.”

“அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு” என்று பாக்கியில்லாச் சான்றிதழை நீட்டினார். ‘கம்ப்யூட்டர் பிரிவு: பாக்கி ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வேறு என்ன எழுதுவது?

அவர் போனதும் நேராக டைரக்டர் அறைக்குப் போனான். வழியில் கிட்டங்கி வாசல் இருந்தது. உள்ளே சாராளின் முதுகு தெரிந்தது. அவன் கால்கள் அந்தப் பக்கம் ஒரு அடிகூட வைக்கவில்லை. முதலில் டைரக்டருக்குச் சொல்ல வேண்டும், அதுதானே முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பயந்தவனுக்கு முறை என்றால் எவ்வளவு இனிப்பு!

கர்ணன் முழுக்கக் கேட்டார். நல்ல மனுஷன், கோபப்படவே மாட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“யாரோட லாகின்ல அழிஞ்சிருக்கு?”

“ஹெட்கிளார்க் சார் லாகின்ல. ஆனா தப்பு என்னோடது சார். எண்ணை மாத்தாம விட்டதும் நான், வரியை எழுதிக் குடுத்ததும் நான்.”

“அத நீ சொல்லுவ. ரெக்கார்டு என்ன சொல்லும்? சர்க்கார் படம் எம்பத்தி மூணு, குழு வர்றதுக்கு மொத நாள், நல்லகண்ணு கையால அழிஞ்சிருக்குன்னு சொல்லும். இது காதுக்கு வந்தப்புறம் நான் மேலே எழுதாம இருக்க முடியாதுய்யா. எழுதுனா இன்னைக்கு அவரை ரிட்டயர்டு ஆகவே விடமாட்டாக. விசாரணை முடியுறவரைக்கும் நிறுத்தி வச்சுருவாக. வீட்டம்மா பட்டுச்சேலை கட்டிக்கிட்டுச் சின்னமனூர்ல இருந்து கெளம்பியிருப்பாக.” கர்ணன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “அஞ்சு மணி. அஞ்சு அடிச்சா அவரு வெளிய. அதுவரைக்கும் எனக்கு நீ ஒன்னுமே சொல்லல. நாளைக்குக் காலையில ரிப்போர்ட் எழுதிக் குடு, குழுவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

“சாராளக்காவுக்கு, சார்?”

“அந்தம்மாவுக்கும் அஞ்சு மணிக்கு மேலதான். இப்பச் சொன்னா ஒடஞ்சு போவாக, அழுவாக, ஆபீஸ் பூரா தெரிஞ்சுரும். ஒரு அஞ்சாறு மணி நேரத்துல என்ன ஆயிரப் போகுது? போனது போனதுதான.”

போனது போனதுதான். அந்த வார்த்தை பொன்னுராஜுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சாராளின் முகத்தைப் பார்க்க வேண்டாம், இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்கு வேண்டாம் என்று உத்தரவே கிடைத்துவிட்டது. அந்த ஆறுதலுக்காகத் தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

முன்கட்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து எண்களைச் சரிபண்ணத் தொடங்கினான். இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கி, மிச்சமிருந்த படங்களை ஒவ்வொன்றாகச் சாராள் பெயருக்கு மாற்றினான். விரல் ஒவ்வொரு எழுத்துக்கும் தயங்கியது. அழிந்த வீட்டுக்குப் பூட்டுப் போடுகிற வேலை. ஆனாலும் செய்தான். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. சாராளின் குறிப்பு நோட்டுகள் இருக்கின்றன, முதலிலிருந்து கோடு இழுக்கலாம், நாலு மாதம் ஆகும் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு எந்த நாலு மாதத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது என்று இன்னொரு பக்கம் கேட்டது.

ஒரு மணிக்கு ராமுத்தாய் வந்தாள். ஆபீசைக் கூட்டிப் பெருக்கி, காப்பி வாங்கி, யார் எங்கே இருக்கிறார்கள் என்று சகலமும் தெரிந்து வைத்திருப்பவள்.

“தம்பி, சாராளம்மா கேக்குறாக. சேவ் பண்ணணும்னு காத்துக்கிட்டு இருக்காகளாம். சாப்புடக்கூட எந்திரிக்கல.”

“வேலையா இருக்கேன்னு சொல்லுங்கக்கா. கேபிள் வேல முடியலைன்னு சொல்லுங்க.”

இரண்டரை மணிக்கு மறுபடி வந்தாள். “தேடுறாக தம்பி. நானே நேர்ல வரட்டான்னு கேக்குறாக.”

“வேணாம் வேணாம்! சாயங்காலம் நானே வர்றேன்னு சொல்லிருங்க.”

ராமுத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “என்ன தம்பி, மொகமெல்லாம் பேயறஞ்ச மாதிரி இருக்கு? வயித்துக்குச் சேரலையா?”

“ஆமாக்கா” என்றான்.

நாலு மணிக்குக் கிட்டங்கியில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. மைக் செட் ‘கீய்ங்’ என்று கத்தி ஓய்ந்தது. முன் வரிசையில் நல்லகண்ணுவின் மனைவி கஸ்தூரியம்மாள் அரக்குப் பட்டுச்சேலையில் இருபக்கமும் தம்பிமார் சூழ உட்கார்ந்திருந்தாள். நல்லகண்ணுவுக்குச் சம்பங்கி மாலை, மேலே சால்வை. பொன்னுராஜ் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு பத்து. நாலு பதினாலு. முள் நகர்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தது. சாராள் இரண்டு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை திரும்பி அவனைப் பார்த்து, எங்கே போய்த் தொலைந்தாய் என்பதுபோலக் கையை ஆட்டிச் சிரித்தாள். அவன் குனிந்து செருப்பைச் சரிபண்ணுகிற பாவனை செய்தான்.

நன்றி சொல்ல எழுந்த நல்லகண்ணு மைக்கைப் பிடித்தார்.

“முப்பத்தி நாலு வருசத்துல ஒரு குண்டூசி நான் வீட்டுக்குக் கொண்டு போனதில்ல. இன்னைக்குக் காலையில பொன்னுராஜ் தம்பி புண்ணியத்துல கம்ப்யூட்டர்லயும் எம் பேர்ல இருந்ததத் தொடச்சு விட்டுட்டேன். நான் போனப்புறம் இந்த ஆபீஸ்ல நல்லகண்ணுவால ஒரு தொந்தரவு, ஒரு பாக்கின்னு யாரும் சொல்லிறக் கூடாது.”

கைதட்டல் கிட்டங்கிக் கூரையில் மோதித் திரும்பியது. சாராளும் தட்டினாள், மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகவே தட்டினாள். டைரக்டர் கர்ணன் மேடையில் குனிந்து மிக்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து அடித்தது. ஹெட்கிளார்க்கை வீட்டில் கொண்டுபோய் விட ஜீப் வாசலுக்கு வந்தது. ஆட்கள் வெளியே போகத் தொடங்கினார்கள். சாராள் நேரே அவனிடம் வந்தாள்.

“ஆளப் பிடிக்கிறதே பெரும்பாடா இருக்கே உன்னோட! வா, இப்பவாச்சும் அந்தச் சேவ் வேலைய முடிச்சுக் குடு. துண்டெல்லாம் எடுத்து முதல்ல இருந்து மறுபடி ஒட்டணும், எனக்கு அரை மணி நேரம் ஆகும். ராத்திரிக்குள்ள பிரிண்ட் எடுத்துறலாம்.”

“மறுபடி ஒட்டணுமா? காலையிலயே ஒட்டிட்டேன்னு சொன்னீகளேக்கா?”

“ஒட்டினது திரையில நின்னுக்கிட்டு இருந்துச்சுப்பா, நீ வருவ வருவன்னு. எத்தன நேரந்தான் அப்படியே வச்சுக்கிட்டு இருக்கிறது? மூணரை மணிக்கு ராமுத்தாய் வந்து மைக் செட்டுக்கு ஸ்டெபிலைசர் வேணும்னு நின்னா. சரி, எடுத்துக்கன்னு மெஷினை அணைச்சுட்டேன். துண்டெல்லாந்தான் டிஸ்க்குல பத்திரமா இருக்கே, பெறகு என்ன?”

காலையில் அவள் சொன்னது பொன்னுராஜுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. முழுத் தாலுகாவும், எண்பத்து மூன்று துண்டும், அவள் இழுத்த கோடு அத்தனையும், டிஸ்க்கில் செத்துப் போன பிறகும் அவள் மெஷினின் நினைவில் உயிரோடு இருந்திருக்கிறது. பதினொன்றேகாலிலிருந்து மூன்றரை வரைக்கும். முன்கட்டில் சேமிக்க முடியாவிட்டால் என்ன? பின்கட்டு டிஸ்க் நேற்று அவன் கையாலேயே துடைத்துக் காலியாக வைத்தது. அதிலே போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். போனது போனதுதான் என்று அங்கே கதவைச் சாத்திக்கொண்டு பேசியபோது ஒன்றுமே போயிருக்கவில்லை.

“என்ன தம்பி? ஏன் ஒரு மாதிரியா இருக்க?”

சொன்னான். நின்ற இடத்திலேயே சொன்னான். சீனியாரிட்டிப் பட்டியல், நூற்று ஒன்பது, துண்டுச் சீட்டு, கேபிள், பதினொன்றேகால், டைரக்டர், ஐந்து மணி என்று ஒன்று விடாமல் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான். பக்கத்தில் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த ராமுத்தாய் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

சாராள் அழவில்லை. ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி, தடுப்புக்குள் இருட்டாகக் கிடந்த தன் திரையைப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கி எண்ணினாள்.

“பன்னெண்டே கால், ஒன்னே கால், ரெண்டே கால், மூணே கால். நாலு மணி நேரம்” என்றாள். “நாலு மணி நேரம் அத முன்னாடி வச்சுக்கிட்டுத்தான் நான் உக்காந்திருந்தேன். சோறு திங்காம உக்காந்திருந்தேன் தம்பி.”

“அக்கா...”

“டைரக்டருக்குத் தெரியும். உனக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது, இல்ல?”

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. “சாராளம்மா வரலையா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்” என்று நல்லகண்ணு கூப்பிடுவது கேட்டது. சாராள் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். பொன்னுராஜ் பதறிப் பின்னாலேயே ஓடினான். இப்போது இவள் எல்லார் முன்னாலும் கேட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தான். கேட்டால் என்ன, கேட்கட்டும் என்றும் நினைத்தான். வாசலில் நின்ற கர்ணனுக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது, ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்.

நல்லகண்ணு மாலையும் கழுத்துமாக முன் சீட்டில் இருந்தார். “பெரிய மனசு பண்ணணும் தாயி. சீனியாரிட்டி அது இதுன்னு போன மாசம் உங்களப்பத்தி ஏதாச்சும் கூடக்கொறையப் பேசியிருப்பேன். ஆபீஸ் முறைக்காகப் பேசுனது. மனசுல வச்சுக்காதீக.”

சாராள் ஜீப் ஓரமாகப் போய் நின்றாள். கஸ்தூரியம்மாள் பின் சீட்டிலிருந்து சிரித்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்னுமில்ல சார். நல்லபடியாப் போயிட்டு வாங்க. ஒடம்பப் பாத்துக்கங்க” என்றாள்.

ஜீப் போடி ரோட்டில் திரும்பிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. கர்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாராள் அவரைப் பார்க்கவில்லை. பொன்னுராஜின் பக்கம் திரும்பினாள்.

“அந்த மனுசனக் காப்பாத்தணும்னு நெனச்சீகளே, அது தப்பில்ல தம்பி. பதினொன்னே காலுக்கு எங்கிட்ட வந்து கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். அஞ்சு மணி வரைக்கும் மூச்சுக் காட்டியிருக்க மாட்டேன்.” கிட்டங்கிப் பக்கம் கையைக் காட்டினாள். “படத்தையும் காப்பாத்தியிருப்பேன்.”

அவள் கிட்டங்கிக்குள் போய், அலமாரியைத் திறந்து, ஆண்டிபட்டி என்று எழுதிய நோட்டுகளை எடுத்து மேஜையில் வரிசையாக அடுக்கினாள். பதினொரு நோட்டு இருந்தது. பொன்னுராஜ் வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை.